சித்தி கஞ்சி போட்ட டவுசர்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். காரிமங்கலம் சந்தைத் திடலில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே, தானும் போவதாகச் சித்தப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கிணற்றடியில் சொன்னார், சந்தையில் சொன்னார், மாமனார் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இனி அவரே நினைத்தாலும் பின்வாங்க முடியாது. எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சித்தி அடுப்படியில் அழுதாள். கேட்டால் புகை என்பாள்.

ஆள் எடுக்கிற இடத்தில் வெயிலில்தான் ஓட விடுவார்களாம். அதனால் சித்தப்பா தினமும் உச்சிவெயிலில் வறண்ட ஏரிக்குள் ஓடிப் பழகினார். தண்ணீர்ச் செம்போடு நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். எதை உடுத்திக்கொண்டு ஓடுவது என்பதில்தான் அவருடைய ஆராய்ச்சியெல்லாம். வேட்டி காலைத் தடுக்கியது. புதுக் காக்கி டவுசர் தொடையை அறுத்தது. அதைக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்து, பழந்துணிபோல மெத்தென்று ஆக்கினார். மேலுக்குத் தொளதொளவென்று ஒரு மல் சட்டை, தலைக்கு ஈரத்துண்டு.

"வெயில்ல ஓடறவனுக்குத் துணி வெரப்பா இருக்கக் கூடாது பாப்பா. வேர்வையில நனைஞ்சா தொடையை அறுத்துப்புடும்" என்பார்.

ஆள் எடுப்பதற்கு முந்தின நாள் சித்தி நெல்லுச்சோறு ஆக்கினாள். எங்கள் வீட்டில் பொங்கலுக்கும் அமாவாசைக்கும்தான் நெல்லுச்சோறு. மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி. வழியனுப்பும் விருந்து என்று எல்லோரும் வயிறு முட்டத் தின்றோம். வடித்த கஞ்சியைச் சித்தி ஆட்டுக்கு ஊற்றவில்லை. டவுசரை அதில் முக்கிக் காயவைத்தாள். மறுபடியும் முக்கிக் காயவைத்தாள். பிறகு செம்பில் நெருப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். சுவரோரம் வைத்தால் டவுசர் தானாகவே நின்றது. நாலு பேர் பார்க்கிற இடத்துக்குக் கசங்கலாகவா போவது என்றாள். சித்தப்பா பட்ட பாடெல்லாம் வீணாகிறதே என்று எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

காலையில் அவர் உடுத்தும்போது ஓடிப்போய்க் கோள் சொன்னேன்.

"சித்தப்பா, சித்தி ரெண்டு தரம் கஞ்சி போட்டுட்டாங்க. தொடையை அறுக்கும்."

"தெரியும், நீ சும்மா இரு" என்று பித்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். பாதி ஓட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஊரில் சிரிக்காதவர் பாக்கியில்லை. கஞ்சி போட்ட விஷயம் தெரிந்ததும் அப்பா சித்தியைத் திட்டித் தீர்த்தார். சித்தப்பாதான் மறித்தார்.

"அவ மேல எதுக்குங்கண்ணா பழி போடறீங்க? வெயிலு அப்படிங்க."

சித்தி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புண்ணில் எண்ணெய் பட்டால் கத்துவார் என்று கதவோரம் காத்திருந்தேன். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. தோற்றுப்போய் வந்தவருக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.