நாலு மணிக்கு வந்த மரியதாஸ் அண்ணை

இன்று காலை என் மனைவி சாந்தி வாசலில் பனி அள்ளிவிட்டு வந்து, நனைந்த கம்பளிக் கையுறைகளை ஹீற்றருக்கு மேலே காயப்போட்டாள். அள்ளியிருக்க வேண்டியவன் நான். முழங்காலைச் சாட்டாகச் சொல்லித் தப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் வீடு முழுக்க ஈரக் கம்பளியின் வாசம் எழும்பிவிட்டது. நனைந்த ஆட்டை அடுப்புக்குப் பக்கத்தில் கட்டிவைத்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு வாசம். நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

இது பனியின் ஐந்தாவது வாரம். டென்மார்க்கில் இந்த எஸ்பியர்க் நகரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு விதித்தது காற்றும் மழையும்தான். பனி விழும், பிள்ளைகள் சறுக்கு வண்டியைத் தேடி எடுப்பதற்குள் அது சேறாகிவிடும். இந்த வருடம் வந்த பனி போக மாட்டேன் என்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் வேறு. எழும்புகிறேன், யன்னலால் பார்க்கிறேன், வெள்ளை. சாப்பிடுகிறேன், பார்க்கிறேன், அப்போதும் வெள்ளை. சாந்திக்கு என் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் சொல்ல வந்தது வாசத்தைப் பற்றி. எங்கள் வீட்டு ஹீற்றரில் முதன்முதலில் கையுறை காயப்போட்டவர் மரியதாஸ் அண்ணை. அவருடைய கையுறையில் கம்பளி வாசத்தோடு மீன் வாசமும் சேர்ந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மன்னார்க்காரர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே சண்டைக்குள் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பிக்கப் பத்திரம் போட்டுவிட்டு, ஒரு டெனிஷ்காரர் வீட்டு மேல்மாடி அறையில் தனியாகக் காத்துக்கொண்டிருந்தார். சாய்ந்த கூரைக்குக் கீழே ஒரு கட்டில், ஒரு மேசை, தலையைக் குனிந்தால்தான் யன்னலுக்குப் போகலாம். அவ்வளவுதான் அவருடைய வீடு.

எனக்கும் சாந்திக்கும் அப்போது கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வருடமும் இந்த வருடம் போலத்தான், வந்த பனி போகவில்லை. தரையோடு ஒட்டிய சின்ன வீடு, முன்னால் இருபது அடி நடைபாதை, அதன் முடிவில் ஒரு படலை. அந்த நடைபாதையில் விழுகிற பனியைக் காலையிலேயே அள்ளி வைக்க வேண்டியது குடியிருப்பவனின் பொறுப்பு. தபால்காரர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். இதை எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எப்படி அள்ளுவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அள்ளுவதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் மூளையைப் பாவித்தேன். பனி என்பது தண்ணீர்தானே, முதுகை வளைத்து ஏன் அள்ள வேண்டும்? இரண்டு பெரிய பானைகளில் தண்ணீர் கொதிக்கவைத்து, வாசலில் இருந்து படலைவரை ஊற்றினேன். பனி சொன்ன சொல் கேட்டு உடனே கரைந்தது. நான் உள்ளே போய்ச் சாந்தியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அரை மணி நேரம் கழித்து வேலைக்குப் புறப்பட்டவன், கண்ணாடி போல உறைந்து கிடந்த அதே பாதையில் இரண்டாவது அடியிலேயே மல்லாந்து விழுந்தேன். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்ட தாதியிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

மரியதாஸ் அண்ணைக்கு மட்டும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"கொஞ்சம் தேயிலையும் போட்டிருந்தால் தேத்தண்ணியாவது மிஞ்சியிருக்கும் தம்பி."

அன்று முதல் அவர் தினமும் வரத் தொடங்கினார். வேலை மூன்று மணிக்கு முடியும். நடந்து வந்தால் நாலு மணி. மணியை அடிக்க மாட்டார். முதலில் சுவரோடு சாத்தியிருக்கும் எங்கள் மண்வெட்டியை எடுத்து, வாசலில் இருந்து படலைவரை பனியை ஒதுக்கி, மணல் தூவிவிட்டுத்தான் அடிப்பார். உள்ளே வந்ததும் கையுறைகளை ஹீற்றரில் போடுவார். தொப்பியைக் கழற்ற மாட்டார். ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்தப் பனி எப்ப தம்பி கரையும்?" என்று கேட்பார்.

முதல் இரண்டு வாரம் அவரை நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சாந்தி முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போய்விடுவாள். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு நான் தனியே கிடப்பேன். தொலைக்காட்சியில் வானிலை சொல்கிற பெண் நாளைக்கும் பனி என்பாள். அதைத் தவிர வேறெதுவும் விளங்காத டெனிஷ் எனக்கு. மூன்றரைக்கே யன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். தொழிற்சாலையில் நடந்த புதினம் ஏதாவது கொண்டுவருவார் என்ற ஆசைதான்.

பிறகு அலுத்தது. அவர் மாறவில்லை, நான்தான் மாறினேன். ஒரே கதை. மகளுக்கு எத்தனை வயது, மகனுக்கு எந்தப் பல் விழுந்தது, கடைசிக் கடிதத்தில் மனைவி என்ன எழுதினாள். குடிவரவுக் காரியாலயத்திலிருந்து வந்த கடிதம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரிதான் அதில். எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் அதைப் பத்துத் தரமாவது வாசித்துச் சொல்லியிருப்பேன்.

"திருப்பி ஒருக்கா வாசியுங்கோ தம்பி. வேறை ஏதும் கருத்தும் இருக்குமோ?"

வேறு என்ன கருத்து இருக்கும்? விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். அவர் வரத் தொடங்கி அது ஐந்தாவது வாரம். பனியின் மேல் கோபித்து என்ன பிரயோசனம், அது கேட்காது. கால் நோவு, வீட்டுக்குள் அடைபட்ட எரிச்சல் எல்லாவற்றையும் மனதுக்குள் அந்தத் தொப்பியின் மேல் இறக்கத் தொடங்கினேன். அவர் கோப்பையை உறிஞ்சும் சத்தம்கூட எனக்குப் பிடிக்காமல் போனது.

ஒருநாள் விடியப்புறம் முழுக்கப் பனி கொட்டி, மதியத்தோடு நின்றது. சாந்தி அன்றைக்கு வேளைக்கே, இரண்டு மணிக்கு, வேலையால் வந்தாள். நாலு மணிக்கு வெளியே இருட்டுக் கட்டிக்கொண்டு வந்தது. தெரு மூலையில் அவருடைய தொப்பி தெரிந்தது.

"சாந்தி, லைற்றை நிப்பாட்டு."

"ஏன்?"

"இண்டைக்கு என்னாலை ஏலாது. நாங்கள் வீட்டிலை இல்லை."

"பாவம். வந்து இருந்திட்டுப் போகட்டுமன். நான் கேத்தலும் போட்டிட்டன்."

"நிப்பாட்டு எண்டு சொல்லுறன்."

அவள் நிற்பாட்டினாள். கேத்தலையும் நிற்பாட்டினாள். யன்னலால் பார்த்தால் தெரியாமலிருக்க இருவரும் யன்னலுக்குக் கீழே நிலத்தில் இருந்தோம். மாவுக்கட்டுக் காலை மடக்க முடியாமல் அறைக்கு நடுவே நீட்டிக்கொண்டு இருந்தேன். கலியாணம் கட்டிய ஆம்பிளை, கடன்காரனுக்கு ஒளிக்கிறவன் மாதிரி. சாந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. அன்றைக்கு மட்டும் முதலில் மணியை அடித்தார். ஏதோ சொல்ல அவசரப்பட்டு வந்திருக்கிறார் போல, அது என்னவென்று பிறகும் நான் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் அடித்தது. பிறகு சத்தமில்லை. போய்விட்டார் என்று நான் சாந்தியைப் பார்த்துத் தலையாட்டினேன். அப்போதுதான் வெளியே மண்வெட்டி உரசுகிற சத்தம் கேட்டது.

கால் மணி நேரம் அவர் பனி அள்ளினார். வாசல்படியில் தொடங்கி, மெதுமெதுவாகத் தூரப் போய், படலையடியில் முடிந்தது. பிறகு மணல் தூவுகிற சத்தம். மண்வெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து சுவரில் சாத்துகிற சத்தம். அதுவரை நாங்கள் இருட்டுக்குள் அசையாமல் இருந்தோம்.

அவர் போனபின் சாந்திதான் முதலில் எழும்பினாள். யன்னலால் வெளியே பார்த்தாள்.

"நான் ரெண்டு மணிக்கு வந்த சப்பாத்து அடி, படலையிலை இருந்து வாசல் மட்டும் அப்பிடியே கிடந்திருக்கும். வந்த அடிதான். போன அடி இல்லை."

பனி இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு அடிச்சுவடு நினைவில் வரவில்லை. அதுதான் போகட்டும், கால் முறிந்து கட்டுப் போட்டவன் அந்தப் பனிக்குள் எங்கே போவான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூட என்னைவிடக் கெட்டிக்காரன். அவர் எல்லாம் கண்டுதான் மணியை இரண்டாம் தரம் அடித்திருக்கிறார். கண்டுதான் மண்வெட்டியை எடுத்திருக்கிறார். நாங்கள் எட்டிப் பார்த்தபோது பாதையில் ஒரு அடியும் இல்லை. எல்லாவற்றையும் அள்ளி ஓரத்தில் போட்டிருந்தார்.

அடுத்த நாள் நாலு மணிக்கு அவர் வரவில்லை, போன் வந்தது.

"தம்பி, நேற்று வந்தனான். நீங்கள் வெளியிலை போட்டியள் போல."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணை, மன்னியுங்கோ, ஏதோ விசர் பிடித்துவிட்டது என்று ஒரு வசனம் போதும், அவர் சிரித்திருப்பார்.

"ஓம் அண்ணை, காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள்."

"ஓம் ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இனிப் போன் பண்ணிப்போட்டு வாறன்."

அந்தப் பனிக்காலத்தில் பிறகு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், போன் பண்ணிவிட்டு. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பனி எப்போது கரையும் என்று கேட்கவில்லை. கடிதத்தை எடுக்கவில்லை. கையுறைகளை ஹீற்றரில் போடாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் எழும்பி, உங்களுக்கும் வேலை இருக்கும் என்றார். காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற எனக்கு என்ன வேலை?

மிச்சப் பனிக்காலத்தில் நாலு மணி மிக மோசமான நேரமாகிவிட்டது. யன்னலைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். பங்குனியில் பனி கரைந்தது, என் மாவுக்கட்டையும் வெட்டினார்கள். கோடையில் அவர் வைலே என்ற ஊரில் வேறு தொழிற்சாலைக்கு மாறிப் போனார். இரண்டு வருடம் கழித்து மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். கலியாண வீடுகளில், பெருநாட்களில் கண்டால் என் தோளில் கைபோட்டுக் கதைப்பார். கொதிதண்ணீர்க் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பார். மற்றக் கதையை ஒருநாளும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் வந்தால் இரண்டு நாளுக்கு முன்னால் போன் பண்ணிக் கேட்பார். "கேக்கத் தேவையில்லை அண்ணை, வாங்கோ" என்று ஒவ்வொரு தரமும் சொல்வேன். "இல்லைத் தம்பி, கேக்கிறது நல்லது" என்பார். குரலில் குத்தல் இருந்ததே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போன இலையுதிர்காலத்தில் மரியதாஸ் அண்ணை செத்துப்போனார். வைலேயில் அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அந்தக் காலத்திலை இவர் எழுதின கடிதம் எல்லாம் வைச்சிருக்கிறன் தங்கச்சி. எனக்கு இஞ்சை நாலு மணிக்குப் போக ஒரு வீடு இருக்கு, நீ கவலைப்படாதை எண்டு எழுதுவார்."

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த தேநீரைப் பார்த்தேன்.

அண்ணையின் மகள் ஜெனிற்றா ஒன்பது வயதில் இங்கே வந்தவள். ஓகூஸ் நகரத்தில் பெரிய உத்தியோகம். வந்தவர்களுக்குக் கேக் வெட்டிக்கொடுத்தபடி அப்பாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்களுக்கு முதல் சொல்லித் தந்த டெனிஷ் பழக்கம் என்ன தெரியுமோ? போன் பண்ணாமல் ஒருத்தற்றை வீட்டையும் போகக்கூடாது. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையோடை விளையாடப் போறதெண்டாலும் போன் பண்ண வைப்பார். ஏன் எண்டு கேட்டால், ஆக்களுக்குக் களைப்பா இருக்கும், நாங்கள்தான் விளங்கிக்கொள்ள வேணும் எண்டுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். டெனிஷ்காரரைவிட டெனிஷ்காரர் என்று யாரோ சொன்னார்கள். அது டெனிஷ் பழக்கம் இல்லை பிள்ளை, அவருக்கு அதைப் பழக்கியவன் நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் சொல்லத் துணிவு வரவில்லை. தனியாக இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

இப்போது எங்கள் வீட்டுக்கு ஒருவரும் சொல்லாமல் வருவதில்லை. அண்ணையை மட்டும் சொல்லவில்லை, எல்லோரும் அப்படி ஆகிவிட்டார்கள். எங்கள் மகனே 'வீட்டில் நிற்கிறீர்களா' என்று டெனிஷில் எழுதிக் கேட்டு, பதில் கிடைத்த பிறகுதான் வருகிறான். பிள்ளைகள் வளர்ந்தார்கள், வேலைகள் கூடின, காலம் மாறியது என்று காரணம் சொல்லலாம். மற்றவர்கள் சொல்லட்டும். நான் சொன்னால் நியாயமில்லை.

அடக்கத்தன்று அங்கிருந்து புறப்படும்போது ஜெனிற்றா கார் வரைக்கும் வந்தாள்.

"மாமா, நாங்கள் வர முதல் அப்பா இஞ்சை எப்பிடி இருந்தவர் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் வந்து கேக்கட்டோ?"

எந்த நேரமும் வா, கேட்கவே தேவையில்லை, வந்து மணியை அடி என்றுதான் சொல்ல நினைத்தேன். இத்தனை வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"ஓம் பிள்ளை, போன் பண்ணிப்போட்டு வா."

"போன் பண்ணாமல் வருவனோ மாமா?" என்றாள் அவள்.