வெல்வெட் சாயும் பக்கம்

1999 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு ஸிந்துஜா வீட்டுத் தொலைபேசி அடித்தது. கலீமுல்லா பாயின் மகள் நஸ்னீன்.

“அக்கா, அப்பா மவுத்தாயிட்டாருக்கா. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறாங்க.”

ஒலிமுகமதுபேட்டையில் முப்பது வருஷம் வெல்வெட் தைத்தவர் கலீமுல்லா. நகைப்பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டுவார். பெருமாள் பல்லக்கின் திண்டுக்கு உறையும் அவர் கையால்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவின் நகைப்பெட்டியைக் கொடுக்கப் போன இடத்தில்தான் ஸிந்துஜா தன் தொல்லையைச் சொன்னாள். அவள் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. கால்குலேட்டரில் எண் தெரிகிறதே, அந்தத் திரவப் படிகத் திரைதான் ஆராய்ச்சி. பூச்சு பூசிய கண்ணாடியை வெல்வெட்டால் தேய்த்தால், அதன்மேல் விடும் திரவத்தின் மூலக்கூறுகள் தேய்த்த திசையில் வரிசையாகப் படுக்க வேண்டும். அவளுக்கு மட்டும் திட்டுத் திட்டாகவே வந்தது.

“தேச்சுக் காட்டும்மா.”

அவள் சிலேட்டைத் துடைப்பதுபோல முன்னும் பின்னும் தேய்த்தாள். பாய் சிரித்துவிட்டார்.

“இன்னாம்மா இது, பூனைய வாலுலேர்ந்து தலைக்குத் தடவிக்கினு இருக்குறே! அது பிறாண்டாம இன்னா பண்ணும்?”

இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று துணியை உள்ளங்கையால் ஒருமுறை வருடிப் பார்த்து, பின்புறத்தில் சாக்குக்கட்டியால் அம்புக்குறி போட்டார்.

“இந்தப் பக்கமா ஒரே இழுப்பு. அப்புறம் கையத் தூக்கிடு. துணி கண்ணாடி மேலயே திரும்பி வரக் கூடாது.”

அந்த வாரமே திட்டுகள் மறைந்தன. பேட்டரியை இணைத்தால் கண்ணாடி முழுதும் சீராக இருண்டது. அதன்பின் அவருடைய அம்புக்குறி இல்லாத துணியை அவள் தொடவில்லை.

“ஒருவாட்டி எடுத்தாந்து காட்டும்மா. என் துணி இன்னா வேலை பண்ணுதுன்னு நான் பாக்க வேணாமா?”

“பஸ்ல உடைஞ்சிடும் பாய். அடுத்த தடவை கண்டிப்பா.”

இரண்டு வருஷமாக அதே அடுத்த தடவை. ஆய்வேட்டில்கூட, ‘வெல்வெட்: உள்ளூர்க் கடை’ என்றுதான் எழுதியிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி, பேட்டரியோடு எடுத்துப் போனாள். பஸ்ஸில் அது உடையவில்லை. பெண்கள் நிறைந்த அந்த வீட்டில் அதைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. கிளம்பும்போது நஸ்னீன் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

“உங்களுக்குத்தாங்கா. நேத்து வெட்டிக்கினு இருந்தாரு. நெஞ்சு வலிக்குதுன்னு அப்படியே வச்சிட்டுப் படுத்தாரு.”

ஸிந்துஜா கேட்டிருந்தது ஆறு துண்டுகள். ஆறும் இருந்தன. ஐந்தின் பின்புறத்தில் அம்புக்குறி இருந்தது. ஆறாவதில் இல்லை.