தகரம் போட்டு மூடிய டிஷ்

மலை ஆஸ்பத்திரியின் சாட்டிலைட் இணைப்பை நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டபோதுதான், மரகதம் மேடம் யார் என்று எனக்குத் தெரிந்தது. ஆரணியில் எங்கள் அலுவலகத்துக்கு அவர் அதிகாரியாக வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் கொள்முதல் பிரிவில் சூப்பரின்டென்டன்ட். புது அதிகாரி வந்தால் பழைய ஃபைலை எல்லாம் கேட்டு உயிரை எடுப்பார்கள் என்பது என் அனுபவம். இவரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. செல்போன் சிக்னல் கிடையாது. டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் நர்ஸ் தேவகிருபை சிஸ்டர் ஒருவர்தான். பிரசவத்தில் சிக்கல் வந்தால் கீழே இருக்கும் டாக்டரை வீடியோவில் பிடித்துக் கேட்பதற்காக, டெண்டர் விட்டு டிஷ், மோடம் எல்லாம் வாங்கி வைத்திருந்தோம். வெயில் காலத்தில் நன்றாக வேலை செய்தது. மழைக்காலம் வந்தால் லிங்க், அதாவது இணைப்பு, படுத்துவிடும்; பணம் வீண் என்று மேலிடம் நிறுத்தப் பார்த்தது அதனால்தான். மழை வலுத்தால் மலைக்கு வண்டியும் போகாது. இணைப்பை நிறுத்திவிட்டால் மழை நாளில் வலி எடுத்த பெண்ணுக்கு சிஸ்டரை விட்டால் நாதியில்லை.

மேலிடத்தில் அவகாசம் கேட்டுவிட்டு, மேடம் என்னைக் கூப்பிட்டு, மழை வரும் நாளாகப் பார்த்து ஜீப்புக்குச் சொல்லச் சொன்னார். மழை விட்டதும் போகலாமே என்றேன். ரிப்பேரான வண்டியை ஓடாத நேரத்தில்தானே பார்க்க வேண்டும் என்றார். ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன்.

மலையில் பார்த்தது

கூடவே டிஷ்ஷை விற்ற கம்பெனியின் இன்ஜினியரும் வந்தார். வழியெல்லாம் மழையில் சிக்னல் எப்படித் தேயும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய்ப் பார்த்ததும் மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

நம் ஊர்ப் பக்கம் சாட்டிலைட் கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருக்கும். அதனால் டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். அந்த டிஷ்ஷுக்கு மேலே நாலு கம்பு நட்டு, தகரம் போட்டு, காற்றில் பறக்காமல் கல்லும் வைத்திருந்தார்கள். கட்டியவருக்கு நல்ல கைவேலை. தகரத்தைத் தாண்டி ஒரு சிக்னலும் போகாது.

"இன்னாத்துக்கு சிஸ்டர் இத மூடி வெச்சிகினு இருக்கீங்க?" என்றேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

"என் பேர்ல ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தி இருக்குதுங்க. துரு புடிச்சா என் சம்பளத்துலதான புடிப்பீங்க?" என்றார் சிஸ்டர். "மழ வந்தா டிவி டிஷ்ஷே நின்னுடுது. எப்டியும் பேச முடியாது, பொருளாவது பத்திரமா இருக்கட்டும்னு மழைக் காலத்துல மட்டும் மூடி வெப்பேன்."

தகரத்தை எடுக்கச் சொன்னார் மேடம். அப்போது தூறிக்கொண்டுதான் இருந்தது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கீழே இருந்த டாக்டரின் முகம் ஸ்கிரீனில் வந்ததும் சிஸ்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். போன மழையில் ஒரு பெண்ணை டோலி கட்டித் தூக்கிப் போனதை நினைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், அவ்வளவு தூரம் பட்ட பாடுதான் சிஸ்டரின் மனதில் நின்றிருந்தது.

தவறு ஆஸ்பத்திரியுடையது என்று எழுதித் தரச் சொல்லி இன்ஜினியர் பேப்பரை நீட்டினார். எனக்கும் சிஸ்டரிடம் ஒரு விளக்கம் வாங்கிவிட்டால் ஃபைலை முடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. மேடம் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அவங்க மேல தப்பு இல்லைங்க. நாம வாங்கன விதம்தான் தப்பு. பொருள வாங்கி அவங்க தலைல கட்டினோம், அத காவல் காத்துகினு இருக்காங்க. நமக்கு வேண்டியது பேச்சு. அத வாங்குவோம்."

முப்பது வருஷத்துக்கு மேல் டெண்டர் ஃபைலோடு குப்பை கொட்டியவன் நான். இந்த நாலு வார்த்தையில் இருந்த விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

புது டெண்டர்

டிஷ், மோடம், ரிப்பேர் எல்லாம் கம்பெனி பொறுப்பு. லிங்க் இருந்தால் வாடகை, இல்லாவிட்டால் பிடித்தம். சொல்ல எளிது. எங்கள் கணக்கு அதிகாரி, பொருளே கைக்கு வராமல் எதை வைத்து பில் பாஸ் பண்ணுவது என்று பேஜார் பண்ணினார். கரண்டுக்கு பில் கட்டுகிறோமே, டிரான்ஸ்ஃபார்மரை ஸ்டாக்கில் ஏற்றியா வைத்திருக்கிறோம் என்று மேடம் சாந்தமாகக் கேட்டார். கணக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டெண்டருக்கு விலை கேட்கும் முன் கூட்டும் ப்ரீ-பிட் மீட்டிங்குக்குச் சென்னையில் இருந்து கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மழைக்கும் பிடித்தம் என்றால் ஒருவரும் பிட் போட மாட்டோம் என்றார்கள். நிஜமாகவே ஒருவரும் போடாவிட்டால் திட்டம் அங்கேயே முடிந்தது. மேடம் முறுக்கிக்கொள்ளவும் இல்லை, இறங்கிப் போகவும் இல்லை.

"கொட்ற மழைக்கு நானும் விட்டுத் தர்றேன். மழை நின்னப்புறமும் லிங்க் வரலன்னா அது உங்க கணக்கு," என்றார்.

அதில் நியாயம் இருந்தது, அவர்களுக்கும் தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, நேராகப் பட்டுப்புடவைக் கடைக்குப் போனார்கள். ஆரணிக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியுமா? கடைசித் தேதிக்குள் மூன்று பிட் வந்து சேர்ந்தது. நான் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

அடுத்த மழை

அடுத்த ஐப்பசியில் ஒரு மத்தியானம், மேடம் அறையில் நான் ஃபைலோடு நின்றிருந்தபோது மலையில் இருந்து வீடியோ கால் வந்தது. சிஸ்டர்தான். காலையில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் குழந்தை தலை மாறிக் கிடந்ததாம். டாக்டர் ஸ்கிரீனில் கூடவே இருந்து சொல்லச் சொல்ல சிஸ்டர் பிரசவம் பார்த்திருக்கிறார். தாயும் பிள்ளையும் நலம். நடுவில் ஒருமுறை மழை வலுத்து லிங்க் போய், உடனே வந்துவிட்டதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிஸ்டரோ நன்றி சொல்ல வரவில்லை.

"அந்தக் கம்பெனிக்காரன ஜல்தியா அனுப்புங்க மேடம். பலா மரத்துக் கிளை டிஷ்ஷு மேல சாஞ்சிகினே வருது. வெட்ட சொல்லி எவ்ளோ வாட்டி சொல்றது? இன்னா வேலை பாக்கறாங்க இவங்க?"

சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டது. கால் முடிந்ததும் மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

"திட்றாங்க பாருங்க. இனிமே இத யாராலயும் நிறுத்த முடியாது."

கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் வாங்கிக் கொடுத்ததை ஜனங்கள் பத்திரமாக மூடி வைத்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். போன் போட்டு உங்களைத் திட்டினால், சரியாக வாங்கியிருக்கிறீர்கள்.