வேகவைத்த கத்தி

வைத்தியத்துக்கு நாலு கால் என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். வைத்தியர் ஒரு கால், மருந்து ஒரு கால், நோயாளி ஒரு கால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் நாலாவது கால். ஆதிகாலத்துப் பெரியவர்களே இப்படி வகுத்துவைத்திருக்கிறார்களாம். பதுளைக் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார் அப்பா. சுக்கும் திப்பிலியும் நிறுத்துக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்வார். ஆனால் அந்த நாலாவது காலாக நான் போகிறேன் என்றபோது மனுஷன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"கண்டவன் பீ மூத்திரத்த அள்ளுறதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

"நான் பொறந்தப்ப யாருப்பா அள்ளுனாங்க? துரையா வந்து அள்ளுனாரு?"

என் வாய் அப்படி. ஆனால் வீம்புக்காக நான் அந்த வேலைக்குப் போகவில்லை. என் கணவர் காய்ச்சலில் கிடந்தபோது வைத்தியர் வந்தார், மருந்தும் இருந்தது. உடம்பைத் துடைத்து, நேரத்துக்குக் கஞ்சி ஊட்டி, பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள்தான் இல்லை. எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு கால் இல்லாத கட்டில் சாயத்தானே செய்யும்? அவர் போய்விட்டார்.

கொழும்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரம்மா முதலில் ஜன்னலைத் திறக்கவும் கையைக் கழுவவும்தான் கற்றுக்கொடுத்தார். மடங்களிலும் யுத்தகளங்களிலும் எத்தனையோ காலமாகப் பெண்கள் செய்துவந்த வேலைதான் இது, இப்போதுதான் இதற்குப் படிப்பும் சம்பளமும் வந்திருக்கின்றன என்றார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெந்நீர் வைக்க ஓடுகிறவளை இந்த அம்மா பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்ததும் பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் நர்சம்மா என்று ஆயிற்று. புண்ணுக்கும் இருமலுக்கும் வந்தார்கள். பிரசவத்துக்கு மட்டும் ஒருத்தியும் வரவில்லை. அது லயத்துக் காம்பராவுக்குள், கூலிகளின் வரிசைவீட்டு அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு மருத்துவச்சி பார்க்கிற காரியம்.

இருமல் மருந்துக்கு வந்த ஒரு கர்ப்பிணிதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கொழுந்து பறிக்கிறவள். வயிறு இறங்கியிருந்தது. முன்பு இரண்டு பிள்ளைகள் பெற்றிருக்கிறாள். இரண்டும் கொழுகொழுவென்று பிறந்து, ஒரு வாரம் ஆவதற்குள் வாய் கட்டிக்கொண்டு, பால் குடிக்க முடியாமல் விறைத்துச் செத்துப்போயின.

"இதுவும் போச்சுன்னா நானும் போயிருவேம்மா," என்றாள். அழக்கூட இல்லை.

"தொப்புள்கொடிய எதால அறுத்தாங்க?"

"எங்க வீட்டுக்காரரு கவ்வாத்துக் கத்திதான். தகப்பன் கத்தி பட்டாத்தான் புள்ள தகப்பனோட தங்குமாம்."

கவ்வாத்துக் கத்தி என்றால் தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி. பகலெல்லாம் மண்ணில் கிடப்பது. அந்த மண்ணின் விஷம்தான் தொப்புள் வழியாக ஏறி இரண்டு பிள்ளைகளின் வாயையும் கட்டியிருக்கிறது. வலி கண்டதும் ஆள் அனுப்பச் சொன்னேன்.

ஒரு முற்பகலில் ஆள் வந்தது. கத்திரிக்கோல் இருந்த தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். காம்பராவில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தது. முதலில் அதைப் பிடுங்கி எறிந்தேன். வெற்றிலை வாயோடு உட்கார்ந்திருந்த மருத்துவச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எத்தன பெத்திருக்க தாயி?"

"ஒண்ணுமில்ல. நீங்க எத்தனையச் சாகக் குடுத்திருக்கீங்க?"

சொல்லியிருக்கக் கூடாதுதான், வந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது. நான் பெட்டியைத் திறந்ததும் வலியில் கிடந்தவளே அலறினாள்.

"கத்திரி வேணாம்மா! கத்திரி பட்டா உறவே கத்தரிச்சிப் போயிரும்!"

யாருக்காக ஓடிவந்தேனோ அவளே வேண்டாம் என்கிறாள்! வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று கடையில் அப்பா சொல்வது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது, என் நல்ல காலம்.

"சரி, அந்தக் கத்தியவே குடுங்க," என்றேன். தேய்த்துக் கழுவி, பானைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினேன்.

வாசலில் நின்ற புருஷன் பதறிப்போனான். "ஐயையோ, பதம் போயிருமே! நாளைக்கி மலையில என்னத்த வச்சி வெட்டுவேன்? கங்காணி தோல உரிச்சிருவாரே!"

"உரிச்சா வா, மருந்து போட்டு விடுறேன். இப்ப அடுப்ப ஊது!"

மருத்துவச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கத்தியில ரசம் வைக்கிறாடி! உப்புப் போடலியா தாயி?"

"உப்ப நீங்க போடுங்க. மொதல்ல சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க."

என்ன நினைத்தாளோ, கழுவினாள். ஆண் குழந்தை பிறந்தது. நூலையும் கொதிக்கவைத்திருந்தேன். நான் கட்டினேன், வெந்த கத்தியால் மருத்துவச்சியே அறுத்தாள். அறுத்த கையோடு பழக்கத்தில் தொப்புளில் பூசச் சாம்பல் சட்டியைக் கொண்டுவந்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம்.

"எனக்கு மட்டும் வயிறு எரியலேன்னா நெனைக்கிற?" என்றாள் மெதுவாக. "அந்த ரெண்டையும் இந்தக் கையாலதான் கொண்டுபோய்ப் பொதைச்சேன்."

சட்டியை அப்படியே அடுப்பில் கொட்டினாள். "இனி எவ சாம்பலோட வந்தாலும் கைய ஒடிக்கிறேன்," என்று சொல்லி, வெற்றிலைப் பையோடு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.

மறுநாள் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்திலேயே, கத்தி வேகவைக்கிற அம்மா என்று எனக்குப் பெயர் விழுந்துவிட்டது. சிரித்தால் சிரிக்கட்டும். தினமும் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் மேட்டு லயத்துக்கு ஏறினேன். துணியை மாற்றினேன், தொப்புளைப் பார்த்தேன். பிள்ளை நன்றாகத்தான் குடித்தான். தாய் மட்டும் சிரிக்கவில்லை, முந்தியதுகளும் முதலில் நன்றாகத்தானே குடித்தன என்றாள். நான் தொப்புளை இன்னொரு முறை பார்த்தேன்.

அந்த இரண்டும் வாய் கட்டிக்கொண்ட வயது இவனுக்கும் வந்தது. அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழை. ஆஸ்பத்திரியில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வழுக்குகிற பாதையில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தேன். லயத்தை நெருங்கியபோது பிள்ளை சத்தமே இல்லை. காம்பரா வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். முருகா, என்று முணுமுணுத்தேன். அப்போது உள்ளேயிருந்து தாய் வீறிட்டாள்.

"ஐயோ!"

பெண்களை விலக்கிக்கொண்டு சேற்றுக் காலோடு உள்ளே பாய்ந்தேன். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மடியில் பிள்ளை.

"நர்சம்மா, இந்தப் பயலப் பாருங்கம்மா! அட்டை கணக்கா மாரக் கவ்விக் குடிக்கிறான், விடவே மாட்டேங்கிறான்! உசுரு போகுதும்மா!"

"அட்டைன்னா உப்பு வச்சி எடுத்துரலாம்," என்றாள் வாசற்படியிலிருந்து மருத்துவச்சி. "இவனுக்கு என்னடி வைக்கிறது?"

லயமே சிரித்தது. அந்தத் தாயும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. நனைந்த சேலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் வழக்கப்படி தொண்டை கிழியக் கத்தினேன்.

"விடாதடா ராசா! விடாத!"