பஞ்சுக்குள் போன மெட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கழிவுப் பஞ்சுக் கொட்டகையில் கல்யாணமான பெண்கள் காலில் மெட்டி தங்கியது அந்த வாயால்தான். அதைத் திறக்க வேண்டிய நேரத்தில் இறுக மூடிக்கொண்டவளும் நான்தான். வேறு யாரைச் சொல்லி என்ன?

சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அம்பாசமுத்திரம் பக்கம் வாய்க்காலை ஒட்டி ஒரு முதலாளி தகரக் கொட்டகை போட்டு, நூல் மில்களில் கழித்துப் போடும் பஞ்சை மூட்டை மூட்டையாக வாங்கி இறக்குவார். தரையில் கூட்டி அள்ளியது, சிக்கு விழுந்த நூல், எண்ணெய் துடைத்த பஞ்சு, விதைத் தோல், தூசி எல்லாம் அதில் கலந்து வரும். நாங்கள் முப்பது பெண்கள் உட்கார்ந்து பிரிப்போம். எண்ணெய்ப் பஞ்சு சோடா உப்புப் போட்டு அவிக்கப் போகும். தோலும் தூசியும் வயலுக்கு உரமாகும். நல்ல பஞ்சும் சிக்கு நூலும் கூடையில் ஏறிப் பல் மிஷினுக்குப் போகும். அதற்குள் ஒரு பெரிய உருளை. உருளை முழுக்க இரும்புப் பற்கள். நூலைப் பிய்த்து உதறி அது மறுபடியும் பஞ்சாக்கித் தள்ளும். அந்தப் பஞ்சு ஜமக்காள நூலுக்கும் மெத்தைக்கும் விளக்குத் திரிக்கும் போகும்.

அந்த மிஷினுக்குப் பஞ்சு கொடுத்தவர் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர் முகம் வெந்து, ஆழ்வார்குறிச்சியில் வீட்டோடு கிடந்தார். பஞ்சுக்குள் கிடந்த ஒரு ஆணி பல்லில் பட்டுப் பொறி கிளம்பி, உள்ளே பறந்த தூசியெல்லாம் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டதாம். அதற்குப் பிறகுதான் கொட்டகையில் வேலையை மேய்த்த மேஸ்திரி கட்டளை போட்டார். கொண்டை ஊசி, சுண்ணாம்பு டப்பி, மெட்டி எதுவும் உள்ளே வரக் கூடாது.

ஊசியையும் டப்பியையும் வெளியே வைத்தோம். மெட்டி என்றதும் நான் எழுந்து நின்றேன்.

"புருசன் செத்தாத்தான் அதக் கழத்துவாவ அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுக அந்தா கல்லுக்குண்டாட்டம் நிக்காவ. நான் எதுக்குக் கழத்தணும்?"

"ஒன் வீட்டுக்காரனுக்காவத்தாம்மா சொல்லுதேன்" என்றார் மேஸ்திரி.

நான் கேட்கவில்லை. மற்றப் பெண்களும் என் பக்கம் நின்றார்கள். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். மெட்டி போட்ட விரலைத் துணியால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும், காலையிலும் மத்தியானமும் அவரவர் முடிச்சை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டு வாய்க்காலில் கால் கழுவி வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் பிரித்துக்கொண்டிருந்த அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், புருஷனை இழந்தவள். அவள் கண் என் காலில் நின்றது.

"ஏட்டி, எடது கால் துணி எங்க?"

துணியும் இல்லை, மெட்டியும் இல்லை. காலையிலேயே முடிச்சு இளகியிருந்ததைப் பார்த்தேன். பிறகு கட்டலாம் என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. முன்னால் கிடந்த குவியலைக் கிளறினேன். கிடைக்கவில்லை. நான் பிரித்ததில் ஆறு கூடை ஏற்கெனவே மிஷின் பக்கம் போயிருந்தது.

"வாய்க்கால்ல விழுந்திருக்கும்க்கா" என்றேன்.

"விழுந்திருந்தாச் சரி. விழலைன்னா?"

"வெள்ளிதானக்கா. இரும்பா என்ன, பொறி பறக்க?"

சாப்பாட்டு நேரம் முடிந்து, பல் மிஷினை ஓட்டும் எஞ்சின் கிளம்பியது.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லோர் மெட்டியும் போகும். சண்டை போட்டு வாங்கித் தந்தவளே கெடுத்தாள் என்று அத்தனை பேரும் காறித் துப்புவார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன். மிஷின் அறைக் கதவு வழியாக, வீட்டுக்காரர் முதல் கூடையைத் தூக்கி மிஷின் வாயில் கொட்டிப் பரப்புவது தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கூடையும் போனது. வாய்க்காலில்தான் விழுந்தது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாவது கூடைக்கு அவர் குனிந்தபோது, அவர் முகம் மிஷின் வாய்க்கு எவ்வளவு கிட்டத்தில் போகிறது என்பது கண்ணில் பட்டது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஓடினேன்.

"நிறுத்துங்க. என் மெட்டி அதுக்குள்ள கெடக்கு."

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டார். அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, உருளையை ஓட்டும் பெல்ட்டைக் கம்பால் தள்ளிவிட்டார். பெல்ட் விலகினாலும் உருளை உடனே நிற்காது, தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லோரும் காதைக் கொடுத்து நின்றோம்.

டக்கென்று ஒரு சத்தம். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். வெள்ளி பொறி கிளப்பவில்லைதான். ஆனால் அது இரண்டு பல்லை வளைத்துவிட்டது; வளைந்த பல் அடியில் இருந்த இரும்புக் கம்பியில் உரசி, அதில் பொறி பறந்தது. இதை யோசிக்கிற புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

கருகல் வாடை வந்தது. உருளை நின்றதும் வீட்டுக்காரர் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து, கனன்றுகொண்டிருந்த பஞ்சை இரண்டு கையாலும் வாரி வாரித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மிஷின் முழு ஓட்டத்தில் இருந்திருந்தால் கொட்டகையே போயிருக்கும் என்று மேஸ்திரி சொன்னார். வீட்டுக்காரர் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பற்களுக்கு நடுவே தகடாக நசுங்கிக் கிடந்த மெட்டியை மேஸ்திரி எடுத்து என் கையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இனிமே மெட்டியோட ஒருத்தரும் உள்ள வரப்பிடாது" என்று மட்டும் சொன்னார். பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, வலது காலில் இருந்ததைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. கல்யாணத்தன்று போட்டது, அதற்குப் பிறகு விரல் தடித்துவிட்டது. வீட்டுக்காரர் கைகளை எண்ணெயில் நனைத்த துணியால் சுற்றியிருந்தார்கள், அவரால் முடியாது. மற்றவர்களை நிமிர்ந்து பார்த்தேன். கட்டின புருஷன் எதிரில் உட்கார்ந்திருக்க, ஒருத்தி காலிலிருந்து மெட்டியைக் கழற்ற யாருக்குக் கை வரும்? ஒருவரும் அசையவில்லை.

பக்கத்தில் பிரித்துக்கொண்டிருந்த அந்த அக்காதான் வந்தாள். எஞ்சின் எண்ணெயில் விரலைத் தோய்த்து என் விரலில் தடவி, பையத் திருகினாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அழாத ஏட்டி. எனக்குக் கழத்துனப்ப எங்க வீட்டுக்காரவுகள வெளிய கெடத்தியிருந்தாவ. ஒன் வீட்டுக்காரவுக பாத்துக்கிட்டு இருக்காவ."

நிமிர்ந்தேன். கதவோரம், துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெட்டி கழன்று வந்தது.