சங்கத்தைக் கலைத்த கிழமை

எனக்குப் பொறுமை குறைவு. பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிற ஒருத்திக்கு இது இருக்கக்கூடாத குணம்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளை நாள் முழுக்கச் சமாளிப்பேன். அவர்கள் கத்தட்டும், கடிக்கட்டும், எனக்கு ஒன்றும் ஆகாது. பெரியவர்கள் ஒரு விஷயத்தை இழுத்து இழுத்துப் பேசினால்தான் தலைக்கு ஏறும். அந்தக் கிழமை ஏழு நாளும் எல்லாரும் இழுத்து இழுத்தே பேசினார்கள்.

ராகலைக்கு மேலே எங்கள் தோட்டம். கீழ் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், ஒரு சின்னக் குடும்பம். தாய் கொழுந்து பறிப்பவள், தகப்பன் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன், மூத்த மகள் என்னிடம் பிள்ளைக் காம்பராவில் இருந்தாள். இரண்டாவதாக ஒரு மகன் பிறந்தான். மறுநாளே உதடும் நகமும் நீலம் பாரித்துவிட, நுவரெலியாவிலிருந்து அம்புலன்ஸில் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். இருதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போகிற வழி அடைபட்டிருந்ததாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்த கொஞ்ச நாளில் தானாக மூடிக்கொள்கிற வேறொரு சின்ன வழி உண்டு. அதை மூட விடாமல் மருந்து ஏற்றித் திறந்து வைத்திருந்தார்கள். மருந்தை நெடுக ஏற்ற முடியாது, ஒரு கிழமைக்குள் அதில் ஒரு குழாய் வைத்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் அவ்வளவு சின்னக் குழாயை வெளியில்தான் வாங்க வேண்டும், விலை நாலு லட்சத்துக்கு மேல்.

தாய் பிள்ளையோடு அங்கேயே இருந்தாள். தகப்பன் காசு தேடி ஊருக்கு வந்தான். வந்தவன் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று கையைப் பிசைந்தான்.

“டீச்சர், யாருக்கிட்ட போயி கேக்கிறதுன்னே தெரியலங்க.”

எனக்கு மட்டும் தெரியுமா? இருந்தாலும் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றைக்கே டொக்டரின் கடிதத்தைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். கும்பிடும் கைகள், அழும் முகங்கள், ‘இறைவன் துணை இருப்பார்’ என்று வரிசையாக வந்து விழுந்தன. வெளிநாட்டிலிருந்து ஒருவர், பிள்ளைக்கு மூச்சு வாங்குவதை வீடியோ எடுத்து அனுப்பினால் தன் நண்பர்களிடம் காட்டலாம் என்றார். நான் அவருக்கு அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

பிறகு உண்டியலைத் தூக்கிக்கொண்டு ராகலை பஸ் நிலையத்தில் நின்றோம். மரக்கறி ஏற்ற வந்த லொறிக்காரர்கள் போட்டார்கள். துணிக்கடை நானா கல்லாவைத் திறந்து எண்ணாமலே ஒரு பிடி எடுத்துப் போட்டுவிட்டு, “ஜும்மாவுக்குப் பொறகு பள்ளியில சொல்லுறேன் தங்கச்சி” என்றார். சொன்னபடி சொன்னார், காசும் வந்தது. அப்படியும் சனிக்கிழமை பார்க்கும்போது பாதியைத் தாண்டவில்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை.

காசு இல்லாமல் இல்லை. எங்களிடமே இருந்தது. தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் என்று ஒன்று உண்டு. மாதாமாதம் வீட்டுக்கு வீடு சந்தா கட்டுவோம். யாராவது செத்தால் பெட்டி, கொட்டகை, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர், எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரிந்த குற்றத்துக்காகச் செயலாளர் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னை இருக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட வைத்தேன். தலைவர் ஓய்வு பெற்ற கங்காணி, நிதானமான மனுஷன். அவருடைய நிதானம் அன்றைக்கு எனக்கு விஷமாக இருந்தது.

“இது சாவுக்குன்னு சேர்த்த காசும்மா. உசுரோட இருக்கிற புள்ளைக்கு எப்புடி எடுக்கிறது?”

“செத்தா குடுப்பீங்க. சாகாம இருக்கிறதுக்குக் குடுக்க மாட்டீங்களாங்க?” என்றேன்.

பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். லயத்துக் கடைக்காரர் ஒருவர் மட்டும் எழும்பி நின்று, சட்டம் சட்டம்தான், இன்றைக்கு இதற்கு எடுத்தால் நாளைக்குக் கலியாணத்துக்கும் கேட்பார்கள் என்று கத்தினார். அவரை உட்கார வைத்துவிட்டுக் கைதூக்கச் சொன்னோம். தூக்கினார்கள். தகப்பன் ஒரு மூலையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றான். நான் அப்படியே வெளியே ஓடி வந்து தாய்க்கு போன் எடுத்தேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் போன் எடுத்ததில்லை.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“டீச்சர், அந்தக் காசு வேணாங்க.”

“என்னா சொல்றே?”

“அது சாவுக் காசுங்க. எம்புள்ளைக்கு வந்துச்சுன்னா, வந்த வேலைய முடிச்சிட்டுத்தான் போவும்.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. படித்தவளா நீ, புத்தி இருக்கிறதா, பிள்ளை அங்கே நீலமாகக் கிடக்கும்போது காசில் சாவைப் பார்க்கிறாயா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. “வேணாங்க டீச்சர்” என்று மட்டும் திரும்பச் சொன்னாள். பிள்ளையின் மெஷின் டிக் டிக்கென்று அடிப்பது போனில் கேட்டது. அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பெண்கள் தலையை ஆட்டி, “தாய் மனசுல பட்டுடுச்சுன்னா எப்புடிங்க” என்றார்கள். தலைவர் வெற்றிலையை மடித்தார். கடைக்காரர் மறுபடியும் எழும்பிவிட்டார்.

“பாத்தீங்களா? வாங்குறவளே வேணாங்கிறா. இப்புடி நெனைச்ச மாதிரி நடத்துறதா இருந்தா எம்பங்க எண்ணி வைங்க, நான் வெலகிக்கிறேன். எங்காசு, எங்கையில வரணும்.”

அந்த மனுஷனை அடிக்கத்தான் முதலில் தோன்றியது. ஆனால் அவர் சொன்னது காதிலேயே நின்றது. அவருடைய கையில் வந்தால் அது அவருடைய காசு. அப்படியென்றால் எல்லாருடைய கையிலும் வந்தால்?

“எல்லாருக்கும் பங்கு பிரிச்சிடுவோம்,” என்றேன். “சங்கத்தக் கலைச்சிடுவோம். சங்கமே இல்லன்னா சாவுக் காசு ஏது?”

தலைவர் மடித்த வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இடையில யாராச்சும் செத்தாங்கன்னா?”

“இந்தக் கிழமை யாரும் சாகப்படாதுங்க,” என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். இரண்டாவது தடவை கைதூக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை வங்கியில் எடுத்தோம். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்து வீட்டுக்கு ஒருவராகக் கூப்பிட்டுப் பங்கைக் கொடுத்தோம். வாங்கியவர்கள் அதை ஒரு நிமிஷமாவது தங்கள் கையில் வைத்திருந்தார்கள். சிலர் மடித்து இடுப்பில் செருகி, திரும்ப எடுத்தார்கள். ஒருத்தி வீடுவரை கொண்டுபோய், சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கொண்டு வந்தாள். இருட்டப் போகிறது, பஸ் போய்விடும் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். தகப்பன் துண்டை ஏந்திக்கொண்டு நிற்க, ஒவ்வொருவரும் அதில் போட்டார்கள். கடைக்காரர் தன் பங்கை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். யோசனை அவருடையது, காசு கொடுக்காத ஒரே ஆளும் அவர்தான். இன்றைக்கும் அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுபடி தாய்க்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

“கையாலயா குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“எல்லாருமா?”

“ஒரு ஆளத் தவிர.”

அப்போதுதான் அவள் அழுதாள். “அனுப்புங்க டீச்சர்.”

அந்தக் கிழமை முழுக்க யார் இருமினாலும் எனக்குப் பயம். மேல் லயத்தில் நெஞ்சு வலி என்று ஒருவர் படுத்தபோது நானே ஓடிப் போய்ப் பார்த்தேன். வாய்வு. அவர் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

குழாய் வைத்த அன்று தகப்பன் போன் எடுத்தான். பேச வரவில்லை அவனுக்கு. மூச்சு மட்டும் கேட்டது. “சொல்லித் தொலைடா” என்று நான் கத்தினேன். “டீச்சர், புள்ள செவந்துருச்சுங்க” என்றான். நான் போனைப் பிடித்தபடியே பிள்ளைக் காம்பராத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றி வந்து, நான் அழுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

தாயும் பிள்ளையும் வீடு வந்த பிறகு சங்கத்தைத் திரும்பத் தொடங்கினோம். வேண்டும்தானே, சாவு நின்றுவிடுமா? வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் யார் யாருடைய சாவுக்குச் சங்கம் பொறுப்பு என்று பெயர் எழுதிக்கொண்டு வந்தேன். கீழ் லயத்தில் அந்த வீட்டுக்கும் போனேன். தகப்பன், தாய், மூத்த மகள். மூன்றையும் எழுதிவிட்டு, மகனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

“அவன அதுல எழுதாதீங்க டீச்சர்.”

எழுதாவிட்டால் நாளைக்கு ஒன்று என்றால் ஒரு சதமும் கிடைக்காது. அதை அவளுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. வாயைத் திறந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. நான் பேனாவை மூடினேன்.

பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, தலைவரும் கேட்கவில்லை. பையன் இப்போது என்னிடம்தான் இருக்கிறான், மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான், சோற்றைத் துப்புகிறான். எங்கள் சங்கத்தின் கணக்குப்படி அந்த வீட்டில் சாகக்கூடியவர்கள் மூன்று பேர்தான்.