பேஸ் பிந்திய பாட்டு

அத்தை அந்த ஆங்கிலப் பாட்டை எடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. இருநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் யாரோ அமைத்த சேர்ந்திசை. மலை, ஓடை, விடியலில் விழிக்கும் பறவைகள் என்று இயற்கையைப் புகழ்ந்தபடி நான்கு குரல்களில் போகும். தென்காசியில் எங்கள் சபைப் பாடகர் குழுவை நடத்தியவள் அத்தைதான். அறுப்பின் பண்டிகைக்கு அதையே பாடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

"ப்ரூக்னா என்ன அத்தை?"

"ஓடைட்டி. நீ குத்தாலத்த நெனச்சுப் பாடு, போதும்."

அப்படியே நினைத்துக்கொண்டேன். என் இங்கிலாந்து முழுக்கச் சாரல் அடித்தது. வெள்ளைக்காரர்கள் தலையில் துண்டோடு ஐந்தருவிக்கு நடந்தார்கள். வழியில் மங்குஸ்தான் உரித்துத் தின்றார்கள்.

அந்தப் பாட்டில் ஆண்களின் மேல்குரலான டெனர் கேட்பதுபோல் ஓர் இடம் வரும். கீழ்க்குரலான பேஸ் பதில் சொல்லும். டெனர் பெரியப்பா, பேஸ் அப்பா. இலஞ்சித் தோப்பில் யார் வேலி போடுவது என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. ஒத்திகைக்கு வந்தால் ஒருவர் ஜன்னலோரம், மற்றவர் கதவோரம். அவர்களின் தங்கையான அத்தை இருவரையும் அருகருகே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இங்கனதான் நிக்கணும். பாட்டு அப்படி" என்றாள். பாட்டு அப்படித்தான் போலும் என்று நானும் நம்பினேன்.

பண்டிகையன்று சாரல் விடவில்லை. சபைக் கோவிலுக்குள் ஈர வாசனையும் காணிக்கையாக வந்த வாழைக்குலைகளின் வாசனையும் கலந்து கிடந்தன. பாதிப் பாட்டில் கரண்ட் போனது. கீபோர்டு அடங்கிவிட்டது. பெரியப்பா மட்டும் நிறுத்தாமல் தன் வரியைப் பாடி முடித்தார். அடுத்தது அப்பா. கீபோர்டு இல்லாமல் அவருக்குச் சுருதி பிடிபடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. ஓட்டின் மேல் மழைதான் பாடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நின்ற நான் திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா குனிந்து அப்பாவின் காதருகே அந்தச் சுருதியை முனகினார். அப்பா பாட்டுத் தாளையே பார்த்து நின்றார். பெரியப்பா அவர் முழங்கையைப் பிடித்து மறுபடி முனகினார்.

"பாடுலே, தம்பி."

அப்பா தொடங்கினார். ஒரு வரி முழுக்கப் பிந்தி. பிறகு எல்லோரும் சேர்ந்தோம். எங்கள் குரல் எது, மழை எது என்று தெரியாமல், கண் திறந்தபடியே கனவில் நிற்பதுபோல் நின்று பாடினேன்.

முடிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்க பிந்திட்டீங்கப்பா. பாட்டே கெட்டுப்போச்சு."

"ஆமாட்டி. ரொம்பப் பிந்திட்டேன்" என்றார் அப்பா. அவர் பார்வை என்மேல் இல்லை.

கீபோர்டுக்குப் பின்னால் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. அருகே போய், "அழாதீங்க அத்தை, அடுத்த வருசம் பேஸுக்கு வேற ஆளப் போட்டுருவோம்" என்று ஆறுதல் சொன்னேன்.